ஒரே ஞாயிற்றில் இரண்டு ஈஸ்டர்

திருச்சபை கிழக்கு என்றும் மேற்கு என்றும் பிரிந்துபோனதில் அக்காவுக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அந்தப் பிரிவினால்தான் ஈஸ்டர் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு ஞாயிறுகளில் வந்தது. அப்படி வந்ததால்தான் தம்பியைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது. மேற்கு ஈஸ்டரன்று அவன் அக்காவின் வீட்டுக்கு வருவான். அவள் சமைத்த கறியைச் சாப்பிடுவான். சோபாவில் கால் நீட்டி, வாய் பிளந்து தூங்குவான். தேநீர் குடித்துவிட்டுப் பொழுது சாயும்போது போவான். ஒரு வாரமோ ஒரு மாதமோ கழித்து வரும் கிழக்கு ஈஸ்டரன்று தன் வீட்டில் மனைவியோடு சிவப்பு முட்டைகளை மோதி உடைப்பான். அந்த ஞாயிறுகளில் அக்கா தன் வீட்டு ஜன்னல் திரைகளைத் துவைப்பது வழக்கம். எவ்வளவு அழுத்தித் துவைத்தாள் என்பதைத் திரைகளின் ஓரங்கள் சொல்லும்.

இந்த ஆண்டு இரண்டு கணக்குகளும் ஒரே ஞாயிற்றில் வந்து நின்றன.

தம்பியின் மனைவி பல்கேரியாவில் பிறந்தவள், கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தவள். பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். திருமணமானபோது அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அதை அக்கா ஒரு குறையாக வைத்திருந்தாள். அவள் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். குறை கைவிட்டுப் போனது அதைவிடப் பெரிய குறையாயிற்று. வேலையிடத்தில் அவளைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் அக்கா ‘பல்கேரியாக்காரி’ என்றே சொன்னாள்; நேரில் ‘வாம்மா’ என்றாள்.

அக்காவின் வேலையிடம் பல் செட் செய்யும் ஆய்வுக்கூடம். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. விருந்தில் கறி கடிக்க எல்லோருக்கும் பல் வேண்டும். அவள் மெழுகில் பற்களை நட்டுக்கொண்டிருப்பாள். எதிர் மேசையில் அச்சு வார்க்கும் பிளாஸ்டர்காரர், பிளாஸ்டர் இறுகும் இடைவெளிகளில் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அன்று அவர் கையில் ஈஸ்டர் சிறப்புப் பக்கம் இருந்தது.

“கேட்டீங்களா? போலந்துல ஈஸ்டருக்கு மறுநாள் பொண்ணுங்க மேல பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்துவாங்களாம். யாரும் ஊத்தலைன்னா அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி தொங்கிப்போயிடுமாம்.”

“நம்ம குழாயில முதல்ல தண்ணி வரட்டும்.”

“பிரான்ஸ்ல கோயில் மணியெல்லாம் ரோமுக்குப் பறந்துபோயிடுதாம். அதான் மூணு நாள் அடிக்கிறதில்லையாம். திரும்பி வரும்போது பிள்ளைங்களுக்கு மிட்டாய் போட்டுட்டு வருமாம்.”

“ம்.”

“நார்வேல லீவு பூரா எல்லாரும் கொலைக்கதை படிப்பாங்களாம்.”

“அது நல்ல பழக்கம்,” என்றாள் அக்கா. பிறகு, கையிலிருந்த கடைவாய்ப் பல்லை மெழுகில் அழுத்தியபடி, பெரிய அக்கறை ஒன்றும் இல்லாதவளைப் போல, “பல்கேரியா போட்டிருக்கா?” என்று கேட்டாள்.

“இருங்க... போட்டிருக்கான். முட்டையோட முட்டையை மோதுவாங்களாம். கடைசி வரைக்கும் யாரோடது உடையலையோ, அவங்களுக்கு அந்த வருஷம் பூரா அதிர்ஷ்டம். அந்த முட்டைக்குப் பட்டப்பேர்கூட உண்டாம், சண்டைக்காரன்னு.” அவர் தாளைத் தாழ்த்தினார். “உங்க தம்பி வீட்டுல இதுதானே நடக்கும்? நீங்க போனதில்லையா?”

“அன்னைக்கு எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கும்.”

அன்று நண்பகலில் தம்பியே வந்தான். அவன் லிப்ட் மெக்கானிக். அந்தத் தெருவில் ஒரு லிப்ட் பழுதானால், சாப்பிட அக்காவின் மேசைக்கு வந்துவிடுவான். பழுதைக் கண்டுபிடிக்க அவன் கருவிகளை முதலில் எடுப்பதில்லை. கதவில் காதை வைத்துக் கேட்பான். எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். பிரித்துப் பார்த்தால் அதுவாகவே இருக்கும்.

“அக்கா, ஒரு சிக்கல்,” என்றான், அவளுடைய டப்பாவிலிருந்து முதல் வாயை எடுத்துக்கொண்டே.

“தெரியும். ரெண்டும் ஒரே நாள்ல வருது.”

“அன்னைக்கு ரெண்டு வீட்டு விருந்தையும் சாப்பிட்டேன்னா, என் வயிறு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும். அதனால இந்த வாட்டி நீ எங்க வீட்டுக்கு வா. அவ தாய்மாமா ஊர்லேருந்து வந்திருக்காரு. பெரிய மீசை. பாக்கவாவது வா.”

“நான் எதுக்குடா? மீசை பாக்கவா?”

“இன்னொண்ணும் இருக்கு.” அவன் டப்பாவைப் பார்த்தபடி பேசினான். “வருஷத்துக்கு ரெண்டு ஈஸ்டர்னு லீவு கேட்டா மேனேஜர் முறைக்கிறான். நீ ரெண்டு மதமாடான்னு கேக்குறான். அதான், இனிமே ஒண்ணு மட்டும் வெச்சுக்கலாம்னு...”

அக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். “எது?”

“முட்டையை மோதுவோம். உன் முட்டை ஜெயிச்சா இனிமே உன் ஞாயிறு, உன் வீடு. அவளும் அங்க வருவா. அவ முட்டை ஜெயிச்சா அவ ஞாயிறு, எங்க வீடு. நீ அங்க வரணும். முட்டை சொன்னா யாரும் யாரையும் கோவிச்சுக்க முடியாதுல்ல?”

“இது யார் யோசனை? உன்னோடதா, அவளோடதா?”

“என்னோடதுதான்,” என்றான் தம்பி. சற்று மென்றுவிட்டு, “அவளோடதும்தான்,” என்றான்.

போகும்போது ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுத்தான். சிவப்புச் சாயப்பொடி. எல்லா முட்டைகளும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவள் கொடுத்தனுப்பியதாம். ஆளுக்கு ஒரு முட்டை. அவரவரே வேகவைத்து, சாயம் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

அம்மா போனபோது தம்பிக்கு ஷூ நாடா கட்டத் தெரியாது. கட்டக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. கற்றுக்கொண்ட பிறகும் நெடுநாள் கட்டிவிட்டவளும் அக்கா. அந்தக் கணக்கை அவள் யாரிடமும் காட்டியதில்லை. அதற்கு ஈடாக அவளிடம் எஞ்சியிருந்தது அந்த ஒரு ஞாயிறுதான். அதைக் கோழி இட்ட ஓட்டின் பலத்தை நம்பி விட்டுவிட அவள் தயாராக இல்லை.

ஏமாற்று என்ற சொல் அவள் மனத்தில் எழவே இல்லை என்று சொல்ல முடியாது. எழுந்தது, உட்காரவைக்கப்பட்டது.

மாலையில் எல்லோரும் போன பிறகு, நல்ல வெள்ளை முட்டை ஒன்றின் அகன்ற முனையில், பல் குடையும் கருவியின் மிக நுண்ணிய முனையால் ஒரு துளை போட்டாள். உள்ளே இருந்ததை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, ஓட்டைக் கழுவி உலர்த்தினாள். பல் செட்டுக்கு உரிய அக்ரிலிக் பொடியைத் திரவத்தில் குழைத்துச் சிறிது சிறிதாக உள்ளே விட்டாள். ஒரேயடியாக ஊற்றினால் அது இறுகும்போது சூடேறி ஓடு வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முட்டையைக் குளிர்ந்த நீரில் வைத்துக் காத்திருந்தாள். வேகவைத்த முட்டையின் எடைக்கும் அக்ரிலிக்கின் எடைக்கும் பெரிய வேறுபாடில்லை. இருந்த சிறு வேறுபாட்டையும், நடுவில் ஒரு மெழுகு உருண்டையை வைத்துச் சரிசெய்தாள். ஓடு உண்மையானது. உள்ளே இருந்ததை எந்த மனிதனாலும் கடித்துவிட முடியாது.

சாயத்தில் முக்கியபோது ஓடு சிவந்தது; துளையை அடைத்த இடம் மட்டும் வெளிறி நின்றது. அந்தப் புள்ளியில், செயற்கை ஈறுகளுக்கு நிறமேற்றும் பொடியைத் தொட்டு வைத்தாள். விளக்கை அருகே இழுத்துப் பார்த்தாள். ஒரு சாயல் கூடுதல். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது, அது பிடிக்கவில்லை.

ஞாயிறன்று, பூசை முடிந்து, முட்டையைப் பஞ்சில் பொதிந்து எடுத்துக்கொண்டு தம்பியின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவன் தம்பி. தோளில் ஒரு துவாலை கிடந்தது. கை ஈரமாக இருந்தது. அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான் என்பதை அக்கா புரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. தன் வீட்டில் அவன் குடித்த தம்ளரை எழுந்து கொண்டுபோய் வைத்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை.

“பாத்திரம் கழுவுறியா நீ?”

“அவ சமைச்சா நான் கழுவணும். இங்க சட்டம் அப்படி.”

“என் வீட்டுலயும் நான்தான்டா சமைச்சேன்.”

“நீ சட்டம் போடலையே அக்கா,” என்று சிரித்துவிட்டு உள்ளே போனான்.

தம்பியின் மனைவி வந்து, “வாங்க அண்ணி,” என்று இரு கன்னங்களிலும் முத்தமிட்டாள். மாமா எழுந்து நின்று தலை தாழ்த்தினார். மீசையைப் பற்றித் தம்பி மிகைப்படுத்தவில்லை. அவர் தம் மொழியில் ஏதோ சொல்ல, தம்பி அதே மொழியில் பதில் சொல்ல, மூவரும் சிரித்தார்கள். தன் தம்பி தனக்குப் புரியாமல் சிரிப்பதை அக்கா அன்றுதான் முதன்முறையாகக் கேட்டாள்.

“அண்ணி, நீங்க இதுல உக்காருங்க.”

அது அம்மாவின் நாற்காலி. ஒரு கால் முறிந்து, அக்காவின் வீட்டுப் பொருளறையில் பல காலம் கிடந்தது. இடத்தை அடைக்கிறது என்று அவளே சொல்ல, தம்பி எடுத்துப் போயிருந்தான். இப்போது அது நான்கு கால்களில் நின்றது. மரம் மெருகேறி, அம்மா உட்கார்ந்திருந்த காலத்து நிறத்துக்கு வந்திருந்தது.

“நாலு கால்ல எது புதுசுன்னு சொல்லுங்க பாப்போம்,” என்றாள் தம்பியின் மனைவி. அவள் குரலில் இருந்தது பெருமையா பரிசோதனையா என்று தெரியவில்லை.

அக்கா குனிந்தாள். வாழ்நாளெல்லாம் இயற்கைப் பல்லுக்கு நடுவே செயற்கைப் பல்லைத் தெரியாதபடி வைத்தவள் அவள்; அந்தக் கண்ணுக்கு ஒரு நாற்காலிக் கால் தப்பாது. ஒவ்வொரு காலையும் விரலால் தடவிப் பார்த்தாள். “இது,” என்று பின்னங்கால் ஒன்றைக் காட்டினாள்.

“இல்ல அண்ணி, அது பழசு. முன்னாடி இருக்கே, அந்தப் பக்கம், அதுதான்.”

“நீ மனுஷனுக்குப் பல்லு, இவ நாற்காலிக்குக் கால்,” என்றான் தம்பி. “எனக்கு ஏதாவது ஒண்ணு போச்சுன்னா கவலையே இல்ல.”

அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஆடவில்லை. ஆடியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

விருந்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கறி கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது என்று அவள் தனக்குள் பதிவு செய்துகொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் தம்பி தூங்கப் போகவில்லை. மேசையைத் துடைத்து, துணி விரித்து, முட்டைகளைக் கொண்டுவரச் சொன்னான். நான்கு முட்டைகளும் வரிசையாக வைக்கப்பட்டன. ஒரே சிவப்பு. அக்கா தன்னுடையதைத் துளை கீழே இருக்கும்படி வைத்தாள்.

வழக்கம் எளியது. ஒருவர் முட்டையை அசையாமல் பிடிக்க வேண்டும். மற்றவர் தம் முட்டையின் கூர்முனையால் அதன் கூர்முனையில் தட்ட வேண்டும். தட்டுபவர் “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்பார். பிடித்திருப்பவர் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்பார்.

முதலில் மாமா அக்காவின் முட்டையில் தட்டினார். ‘டப்’ என்று ஒலித்தது. அவருடைய முட்டை நெளிந்து உள்வாங்கியது. அவர் மீசையை நீவிக்கொண்டு, தோல்வியை அங்கேயே உரித்து, உப்புத் தொட்டுச் சாப்பிட்டார். அடுத்து தம்பி தன் மனைவியின் முட்டையில் தட்டினான். மீண்டும் ‘டப்’. உடைந்தது தம்பியுடையது.

“சொந்த வீட்டுலயே எனக்கு மரியாதை இல்ல,” என்றான்.

எஞ்சியவர்கள் இருவர். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவே உட்கார்ந்தான். தம்பியின் மனைவி தன் முட்டையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்தாள். அவள் கட்டைவிரல்கள் வெளுத்திருந்தன. அந்த இறுக்கத்தை அக்கா கவனித்தாள். உடையப்போகிற ஒரு முட்டைக்காக அவள் பாவம் இவ்வளவு பயப்படுகிறாளே என்று, வென்றுவிட்டவளுக்கே உரிய பெருந்தன்மையோடு நினைத்துக்கொண்டாள்.

“கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்,” என்று அக்கா தட்டினாள்.

‘டொக்.’

“மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்,” என்றாள் தம்பியின் மனைவி, மிக மெல்ல.

இரண்டு முட்டைகளும் முழுசாக இருந்தன.

“பலமாத் தட்டு அக்கா.”

தட்டினாள். ‘டொக்.’ இடம் மாறித் தம்பியின் மனைவி தட்டினாள். ‘டொக்.’ மாமா மெல்லுவதை நிறுத்தினார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தம்பியின் மனைவியும் அதே கணத்தில் நிமிர்ந்தாள். தன் முட்டையில் மோதி உடையாத கோழிமுட்டை உலகத்தில் இருக்க முடியாது என்பது அக்காவுக்குத் தெரியும். எதிரே இருந்த கண்களிலும் அதே கணக்கு ஓடி, அதே விடையில் வந்து நின்றது. இருவர் முகத்திலும் சாயம் ஏறியது. அதற்குப் பொட்டலம் தேவைப்படவில்லை.

தம்பி யாரையும் பார்க்கவில்லை. மேசையின்மேல் தலையைச் சாய்த்து, லிப்ட் கதவில் காது வைப்பதைப் போல இருந்தான்.

“இன்னொரு வாட்டி தட்டுங்க,” என்றான்.

தட்டினார்கள். ‘டொக்.’

“ம்,” என்று நிமிர்ந்தான். “லிப்ட்ல இந்தச் சத்தம் வந்தா, ரெண்டு பக்கத்தையும் கழட்டிப் பாக்கணும்.”

மாமா ஏதோ சொன்னார்.

“மாமா என்ன சொல்றாருன்னா,” என்றான் தம்பி, “அவர் வயசுக்கு இப்படி ரெண்டு முட்டை பாத்ததில்லையாம். உரிச்சு ஆளுக்குக் கொஞ்சம் சாப்பிடலாமாங்கிறாரு. அதிர்ஷ்டமாச்சே.”

“வேண்டாம்!” என்றார்கள் இரு பெண்களும்.

“ஏன்?”

“ஜெயிச்சதை உரிக்கக் கூடாது,” என்றாள் தம்பியின் மனைவி. “ஒரு வருஷம் வீட்டுல வெச்சிருக்கணும். எங்க ஊர்ல அப்படித்தான்.”

“ஆமாம்,” என்றாள் அக்கா. “அவ சொல்றது சரி. வெச்சிருக்கணும்.”

தம்பியின் மனைவி சொன்னதை அக்கா சரி என்று சொன்னது அதுவே முதல் முறை. தம்பி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டான்.

“அப்ப யாரும் தோக்கல. ரெண்டு ஈஸ்டரும் இருக்கட்டும். மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்.” இரண்டு முட்டைகளையும் கையில் எடுத்தான். எடையை ஒப்பிடுவதைப் போல ஒருமுறை ஏந்தினான். பிறகு அக்காவின் முட்டையை மனைவியிடமும் மனைவியின் முட்டையை அக்காவிடமும் கொடுத்தான். “இதை இவ வெச்சுக்கட்டும், அதை நீ வெச்சுக்கோ. ரெண்டு பேரும் பத்திரமாப் பாத்துப்பீங்கன்னு எனக்குத் தெரியும்.”

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன காலையில், பிளாஸ்டர்காரர் வருவதற்கு முன்பே அக்கா உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கின் கீழே உட்கார்ந்தாள்.

அது மரம். ஒலியிலிருந்தே ஊகித்திருந்தாள். மரம் முட்டையைவிட இலேசாக இருக்க வேண்டும். தராசில் வைத்தாள், தன் முட்டை இருந்த அதே எடை. தம்பியின் மனைவி எங்கோ குடைந்து ஈயம் வைத்திருக்கிறாள். குடைந்த வாய் எங்கே? அகன்ற முனையைப் பார்த்தாள். கூர்முனையைப் பார்த்தாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஓட்டின் நுண்துளைகள்கூட இருந்தன. மரத்தின்மேல் பூசிய ஏதோ ஒரு மெருகில் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் போட்டிருக்க வேண்டும். அக்காவுடையதில் ஓடு கோழியின் வேலை. இதில் ஓடும் அவள் வேலை.

தொலைபேசி அடித்தது.

“அண்ணி, வேலையா இருக்கீங்களா?”

“சொல்லு.”

“ஒண்ணு கேக்கணும். அடியில ஒரு சின்னப் புள்ளி இருக்கு. அதுல மட்டும் சிவப்பு வேற மாதிரி, உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு. நான் என்ன செஞ்சும் எனக்கு அந்த நிறம் வரல. எதுல கலந்தீங்க?”

அந்தப் புள்ளியைத்தான் அக்கா தன் பிழை என்று நினைத்திருந்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

“முதல்ல நீ சொல்லு. ஈயத்தை எந்த வழியா உள்ள விட்ட?”

“அது பட்டறை ரகசியம் அண்ணி. சொல்ல மாட்டேன்.”

“அப்ப நானும் சொல்ல மாட்டேன்.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு கேட்டது; அதன் பின்னால் இன்னொரு சிரிப்பு. அது தம்பியுடையது.

“அவன் இன்னைக்கு வேலைக்குப் போகலையா?”

“லீவு போட்டிருக்காரு. நான் வீட்டுல இருக்கேன்ல, அதான். சும்மா.”

மேற்கு ஈஸ்டருக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, சும்மா என்று அவன் அக்காவுக்காக ஒருநாளும் லீவு போட்டதில்லை.

“சரிம்மா,” என்று அவள் தொலைபேசியை வைத்தாள். பிளாஸ்டர்காரர் படியேறி வரும் ஓசை கேட்டது. மேசையில் பற்கள் காத்திருந்தன. அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விளக்கை இன்னும் தாழ்த்தி, அந்தச் சிவப்பு முட்டையை ஒரு நூலளவு திருப்பினாள். எங்கோ ஓர் ஒட்டு இருந்தே தீர வேண்டும்.